முட்டுக்கட்டையின் சாஸ்திரம்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில், திருவாரூர்த் தேரடியில் நீண்டு கிடக்கும் வடங்களை ஆயிரக்கணக்கான கைகள் பற்றிக்கொண்டு, "ஆரூரா, தியாகேசா" என்ற கோஷம் வீதி முழுவதும் நிறைந்து, வடங்கள் தரையை விட்டு எழுந்து விறைத்து நின்ற பிறகும், ஆழித்தேர் அசையாமல் நிற்கும் சில கணங்கள் உண்டு. இழுப்பவர்களுக்குக் குறைவில்லை, உற்சாகத்துக்கும் குறைவில்லை, ஆயினும் தேர் தன்பாட்டில் நிற்கிறது. அப்புறம் எங்கோ ஒரு முனகல் கேட்கிறது, அச்சு கிறீச்சிடுகிறது, சக்கரம் ஒரு விரற்கடை நகர்கிறது, நின்ற தேரை அசைப்பதைவிட நகரும் தேரை இழுப்பது எவ்வளவு சுலபம் என்பதை வடம் பிடித்த ஒவ்வொருவரும் தம் தோளிலே உணர்கிறார்கள். பொறியியல் கல்லூரியின் முதலாண்டு மாணவன் இயக்கவியல் என்ற பெயரைக் கேட்டவுடனே அஞ்சுகிறானே, அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை இந்தச் சில கணங்களுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்று காட்டுவதுதான் இவ்வத்தியாயத்தின் நோக்கம்.

திருவாரூருக்குத் தேரழகு என்று சோழநாட்டார் சொல்லிவைத்தது வெறும் ஊர்ப்பெருமையன்று. முப்பது அடி உயரமுள்ள மரத்தேர். அதன்மேல் மூங்கிலும் சீலையும் கொண்டு நாற்பத்தெட்டு அடி அலங்காரம். அதற்கும் மேலே பன்னிரண்டு அடி விமானம். உச்சியில் ஆறு அடிக் கலசம். ஆக 96 அடி. அலங்காரம் முழுவதும் ஏறியபின் இதன் பாரம் ஏறத்தாழ 300 டன் என்று சொல்லுவார்கள். பழைய தேர் 1920-களில் தீக்கு இரையாயிற்று. அதன் பிறகு செய்யப்பட்ட தேரும் சில காலம் ஓடி, நெடுநாள் நிலையிலேயே நின்று, 1970-இல் மீண்டும் வீதிக்கு வந்தது. திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் இதற்கு இரும்பு அச்சும் சக்கரமும், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் அமைத்துக் கொடுத்தனர். அந்தக் காலத்துத் தச்சரின் சிற்றுளியும் இந்தக் காலத்துப் பொறியாளரின் வரைபடமும் ஒரே வாகனத்தில் சந்திப்பதால், நம்முடைய பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் காவிரிப் படுகையில் வேறு கிடைப்பது அரிது.

ஐசக் நியூட்டன் இயக்கத்தின் மூன்று விதிகளையும் தம் பெருநூலில் வெளியிட்ட 1687-ஆம் ஆண்டில், தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர் சகஜி. திருவாரூர்த் தியாகேசரிடம் பேரன்பு பூண்டு, அவருடைய பல்லக்குச் சேவையைப் பற்றித் தெலுங்கில் ஒரு நாடகமே இயற்றியவர். லண்டனில் அந்த லத்தீன் நூல் அச்சேறிக்கொண்டிருந்த நாளிலும், அதன் விதிகள் தஞ்சைச் சீமையின் பல்லக்குகளுக்கும் தேர்களுக்கும் வண்டிகளுக்கும் பொது விதிகளாகவே இருந்தன. நெல்மூட்டை ஏற்றிய வண்டி திடீரென்று நின்றால் மேல்மூட்டை முன்பக்கமாகச் சரியும் என்பது வண்டிக்காரருக்குத் தெரியும். அதற்காகவே அவர் கயிறு போட்டு இறுக்கினார். நிற்பது நின்றுகொண்டே இருக்கவும், ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கவும் விரும்பும் அந்தச் சுபாவத்தைப் பழைய நூல்கள் சடத்துவம் என்றும், இன்றைய பாடநூல்கள் நிலைமம் என்றும் சொல்லுகின்றன. அனுபவத்தில் எல்லாரும் அறிந்திருந்த இதைக் கணக்கில் பிடிக்கும் வழியைக் காட்டியதுதான் நியூட்டனின் சாதனை.

எதைச் சுற்றிக் கோடு?

கணக்குப் போடத் தொடங்கும் மாணவன் செய்யும் முதல் பிழை, சூத்திரத்தைத் தேடுவது. கேள்வியில் நிறையும் வேகமும் தூரமும் கொடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்தவுடனே, அவை மூன்றும் சேர்ந்து வரும் சமன்பாடு எது என்று புத்தகத்தின் பின்பக்கத்தைப் புரட்டுகிறான். ஒன்று அகப்பட்டதும் எண்களை அதில் இட்டு விடை கண்டுவிடுகிறான். விடை பிழையாகிப்போனால் சூத்திரத்தின்மேல் பழி போடுகிறான். உண்மையில் இயக்கவியல் கணக்கின் பெரும்பகுதி, பேனா எண்ணைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய காரியம். "நான் யாரைப் பற்றிக் கணக்குப் போடுகிறேன்?" என்பது முதற்கேள்வி, "அவரை யார் யார் தொடுகிறார்கள்?" என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை சொல்லிவிட்டால், எஞ்சுவது பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தல்தான்.

இந்த முதற்கேள்வியை அலட்சியம் செய்வதால் விளையும் குழப்பத்துக்கு, தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளில் எழுந்துவரும் ஒரு சந்தேகமே சாட்சி. ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அப்படியானால், நாம் தேரை எவ்வளவு விசையோடு முன்னுக்கு இழுக்கிறோமோ அவ்வளவு விசையோடு தேரும் நம்மைப் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டும் சமம் என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, தேர் யுகாந்தகாலம்வரை தேரடியிலேயே நிற்கவேண்டுமே, எப்படி நகர்கிறது? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்தக் கேள்வியின் பிழை, இரண்டு வீட்டுக் கணக்கை ஒரே நோட்டில் எழுதியதுதான். நாம் இழுக்கும் விசை தேரின்மேல் படுகிறது. தேர் இழுக்கும் விசை நம்மேல் படுகிறது. தேர் நகருமா என்று கேட்பவர், தேரின்மேல் படும் விசைகளை மட்டுமே கூட்டிக் கழிக்க வேண்டும். நம்மேல் படுவது நம்முடைய கணக்கில் வரவேண்டியது. பக்கத்து வீட்டார் கட்டிய வரியை நம் செலவில் எழுதிவிட்டுக் கையிருப்பு குறைகிறதே என்று வருந்துவது போன்றதுதான் அந்தச் சந்தேகம்.

ஆகவே ஒரு காகிதத்தில் தேரை வரைந்து, அதைச் சுற்றி மனத்தினாலே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு உள்ளே தேர் மட்டும். வெளியே உலகம் முழுவதும். இப்போது அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்து தேரைத் தொடுவன எவை என்று எண்ணுங்கள். முன்னாலே வடம் இழுக்கிறது. கீழே வீதி சக்கரங்களை மேல்நோக்கித் தாங்குகிறது. அச்சின் உராய்வும் சேர்ந்து சக்கரம் உருளுவதைத் தடுப்பதால், அதே வீதி சக்கரங்களைப் பின்னோக்கியும் இழுக்கிறது. தொடாமலே செயல்படும் ஒரே விசையாகப் பூமி தன் ஈர்ப்பினால் கீழே இழுக்கிறது. அவ்வளவுதான். கூட்டத்தின் உற்சாகத்தை அதில் வரையக் கூடாது. தேரின் வேகத்தையும் வரையக் கூடாது. வேகம் ஒரு நிலை, விசையாகாது. இந்தப் படத்துக்குத் தனித்த பொருள் விசைப்படம் என்று பாடநூல்களில் பெயர். படம் சரியாக வந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது என்று ஆசிரியர்கள் சொல்லுவது மிகையன்று.

இழுப்பதற்கு எத்தனை பேர்?

இப்போது எண்களுக்கு வரலாம். 300 டன் என்பது 3,00,000 கிலோகிராம். பூமி ஒவ்வொரு கிலோகிராமையும் 9.8 நியூட்டன் விசையோடு இழுப்பதால், தேரின் எடை 29,40,000 நியூட்டன். நியூட்டன் என்ற அலகு பலருக்கு அரூபமாய்த் தோன்றும். இரண்டு பெரிய எலுமிச்சம்பழங்களை உள்ளங்கையில் ஏந்தினால் அவை அழுத்தும் விசை ஏறக்குறைய ஒரு நியூட்டன் என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய எடையையும் வீதி அப்படியே மேல்நோக்கித் தாங்கிவிடுவதால், செங்குத்துத் திசையில் வரவும் செலவும் சமம். தேர் வானுக்கும் எழுவதில்லை, பாதாளத்துக்கும் இறங்குவதில்லை. கிடைத்திசையில்தான் நமக்கு வேலை.

சக்கரம் உருளும்போது ஏற்படும் தடை, எடையில் நூற்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காகக் கொண்ட உத்தேசமே, வீதியின் தன்மைக்கும் அச்சின் எண்ணெய்க்கும் ஏற்ப மாறும். அப்படியானால் தடை 58,800 நியூட்டன். திடமான ஒருவர் வடத்தைப் பிடித்துச் சற்று நேரம் தொடர்ந்து இழுக்கக்கூடியது 200 நியூட்டன் என்று கொண்டால், தடையை ஈடுகட்டுவதற்கு மட்டுமே 294 பேர் வேண்டும். அவர்கள் இழுத்தால் ஓடும் தேர் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; நிற்கும் தேரோ நின்றபடியே இருக்கும். ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்ற பழமொழியில், முதல் 294 பேரின் உழைப்பு தடைக்கே காணிக்கையாகிவிடுகிறது. அதற்கு மேற்பட்டவர்களின் உழைப்பே தேருக்கு வேகம் கொடுக்கிறது.

ஐந்நூறு பேர் இழுத்தால் மொத்த இழுவிசை 1,00,000 நியூட்டன். தடை போக எஞ்சுவது 41,200 நியூட்டன். விசையை நிறையால் வகுத்தால் முடுக்கம், அதாவது ஒவ்வொரு வினாடியிலும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்ற அளவு, கிடைத்துவிடும் என்பது இரண்டாம் விதி. 41,200-ஐ 3,00,000-ஆல் வகுத்தால் 0.137. அதாவது ஒரு வினாடி கழிந்ததும் தேரின் வேகம் வினாடிக்குப் பதினான்கு சென்டிமீட்டர். நத்தையைவிடப் பல மடங்கு மேல், மனித நடைக்கோ மிகக் கீழ். பத்து வினாடி இதே இழுவை நீடித்தால் வினாடிக்கு 1.37 மீட்டர்; மனிதன் சாதாரணமாய் நடக்கும் வேகம். அதற்குள் தேர் கடந்த தூரம் ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெருந்திரள் கூடி மும்முரமாய் இழுத்தும் தேர் ஏன் முதலில் தயங்குகிறது, பிறகு ஏன் எதிர்பாராத வேகம் கொள்ளுகிறது என்ற இரண்டு விந்தைகளும் ஒரே வகுத்தல் கணக்கில் வெளிப்பட்டுவிட்டன.

ஆனால் இழுப்பவருடைய 200 நியூட்டன் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை காண, கோட்டை இப்போது தேரைச் சுற்றிலுமிருந்து அழித்துவிட்டு, வடம் பிடித்த ஒரு மனிதரைச் சுற்றிப் போடவேண்டும். அவரைத் தேர், வடத்தின் வழியாக, 200 நியூட்டன் விசையோடு பின்னுக்கு இழுக்கிறது. அவர் பின்னால் சறுக்காமல் நிற்பதற்கு, வீதி அவருடைய பாதங்களை முன்னுக்குத் தள்ளவேண்டும், அதாவது உராய்வு. அறுபது கிலோ உடல் நிறையுள்ளவருக்கு எடை 588 நியூட்டன், உலர்ந்த தரையில் அதில் பாதிவரை உராய்வு பிடித்துக்கொடுக்கும் என்றால் 294 நியூட்டன், போதும். சூடு தணிய வீதியில் தண்ணீர் தெளித்து, பிடிப்பு எடையில் பத்தில் மூன்று பங்காகக் குறைந்துவிட்டால் 176 நியூட்டன்தான்; அவருடைய தோளில் பலம் மிஞ்சியிருந்தும் பாதம் வழுக்கிவிடும். தேரை நகர்த்துவது கைகளே என்று நாம் எண்ணியிருந்தோம். கணக்கோ, கடைசியில் தேரை நகர்த்துவது வீதிதான் என்கிறது.

நிறுத்துவது எப்படி?

ஒரு காரியத்தைக் கெடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று ஏசுவது நம் பேச்சு வழக்கு. தேரோட்டத்தை அருகிலிருந்து பார்த்த எவரும் இந்த வழக்கு எவ்வளவு அநியாயமானது என்று உணர்வர். தேர் ஓடும்போது சக்கரத்தின் ஓரமாகவே நடந்து, தேவையான கணத்தில் கட்டையைச் சக்கரத்தின் வாயில் கொடுத்து, மறுகணம் விலகிவிடும் அந்தத் தொழிலாளரே தேரின் உண்மையான சாரதி. வலப்புறச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அப்பக்கம் தயங்க, இடப்பக்கம் முந்த, தேர் வலப்புறம் முகம் திரும்புகிறது. இரண்டு பக்கமும் கொடுத்தால் நிற்கிறது. 300 டன் பாரத்தை ஒரு மரத்துண்டு எப்படி நிறுத்துகிறது என்பதே நம்முடைய அடுத்த கணக்கு.

முதலில், கட்டையே போடாமல் எல்லாரும் வடத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும்? தேர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். அதைத் தொடும் கிடைவிசை இப்போது தடை ஒன்றே. 58,800-ஐ 3,00,000-ஆல் வகுத்தால், வேகம் வினாடிக்கு வினாடி 0.196 மீட்டர் குறையும். ஐந்து வினாடியில், இரண்டரை மீட்டர் ஓடி நிற்கும். இரண்டரை மீட்டர் சிறிய தூரம்தான். ஆனால் அந்த இரண்டரை மீட்டருக்குள் ஒருவர் இடறி விழுந்திருந்தால் அது சிறியதன்று. ஒரே மீட்டருக்குள் நிறுத்தவேண்டுமானால் 1,50,000 நியூட்டன் எதிர்விசை வேண்டும். தடை தானே தருவது போக, 91,200 நியூட்டனைப் பிரேக்கு தரவேண்டும். வடத்தைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கலாமே என்றால், வடம் தள்ளாது. முன்னால் நிற்பவர் தேரை நோக்கித் தள்ளுவதற்கு அது உதவாது. கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும் என்ற இந்த எளிய உண்மையை மறந்து விடை எழுதிய விடைத்தாள்கள் அநேகம்.

முட்டுக்கட்டை வேறொரு யுக்தியைக் கையாளுகிறது. அது தேரோடு மல்லுக்கட்டுவதில்லை. தேரின் பாரத்தையே தேருக்கு எதிராகத் திருப்பிவிடுகிறது. ஆப்பு வடிவான கட்டையின்மேல் முன்சக்கரம் ஏறத் தொடங்கினால், தேரின் முன்பாதி உயரவேண்டும். உயருவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் தேரின் ஓட்டத்திலிருந்தே கழியவேண்டும். ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதி. வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் வரும் தேருக்கு அது 37,500 ஜூல். முன்சக்கரங்கள் தாங்கும் பாதி எடை 14,70,000 நியூட்டன். அதை எவ்வளவு உயர்த்தினால் 37,500 ஜூல் செலவாகும்? வகுத்துப் பாருங்கள்: இரண்டரை சென்டிமீட்டர். ஓர் அங்குல உயரம் சக்கரம் ஏறினால் போதும், ஆழித்தேர் நின்றுவிடும். வீதியின் தடையையும் சேர்த்துக்கொண்டால் அவ்வளவுகூட வேண்டியதில்லை.

ஆனால் வேகம் இருமடங்காகி வினாடிக்கு ஒரு மீட்டர் ஆகட்டும். வர்க்கத்தால் பெருகுவதால் ஆற்றல் நான்கு மடங்கு, 1,50,000 ஜூல். ஏறவேண்டிய உயரம் பத்து சென்டிமீட்டர். இரண்டரை சென்டிமீட்டருக்கென்று செதுக்கிய கட்டையைத் தேர் அநாயாசமாய்த் தாண்டிவிடும், அல்லது கட்டை நொறுங்கிவிடும், அல்லது பக்கவாட்டில் தெறித்துவிடும். "மெதுவா, மெதுவா" என்று முட்டுக்கட்டைக்காரர் கூவுவது பயத்தினால் அன்று. வேகத்தின் வர்க்கம் என்ற பதத்தை அவர் கேள்விப்பட்டிராவிட்டாலும், அதன் பலனைக் கையினாலே அளந்து வைத்திருக்கிறார். ஐந்நூறு பேர் பத்து வினாடி இழுத்தாலே தேர் 1.37 மீட்டர் வேகம் கொண்டுவிடும் என்று முன்பே கண்டோமல்லவா? இழுத்துவிட்டுத் தளர்த்தி, தளர்த்திவிட்டு இழுத்து, அடிக்கடி கட்டை கொடுத்துத் தேரை நடத்தும் வழக்கத்தின் காரணம் இப்போது தெளிவாகிறது.

சமவெளியும் சாயாமையும்

இந்தக் கணக்குகளில் ஓசையில்லாமல் துணை நின்ற ஒருவர் உண்டு, அவர் காவிரி. தஞ்சாவூர் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் இருக்க, நாகப்பட்டினத்துக் கடற்கரை எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறது. ஆயிரத்து முந்நூறு மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர்கூட இறங்கமாட்டோம். ஆண்டாண்டாய் வண்டலைக் கொணர்ந்து பரப்பி ஆறு செய்துவைத்த சமம் அது. ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் வீதியில் தேர் நின்றிருந்தால், சரிவின் வழியாகப் புவியீர்ப்பு இழுக்கும் பங்கு எடையில் ஐம்பதில் ஒன்று, அதாவது 58,800 நியூட்டன். நாம் உத்தேசித்த தடைக்குச் சரிசமம். அப்புறம் தேரை இழுக்க ஆள் வேண்டாம்; ஒருமுறை அசைந்துவிட்டால் பிடிப்பதற்குத்தான் ஆள் வேண்டும். அதே சரிவில் மேல்நோக்கி இழுப்பதென்றால் 294 பேர் 588 பேராகவேண்டும். படுகைச் சரிவிலோ, அதை ஆயிரத்துக்கு ஒன்று என்று சற்றுக் கூட்டிக் கொண்டாலும், பதினைந்து பேரின் உழைப்புத்தான் வித்தியாசம். நெல்வயலில் நீரை நிறுத்திவைக்கும் அதே சமநிலை, தேர்வீதியில் முந்நூறு டன்னையும் சாந்தமாய் நிற்கவைக்கிறது.

நகருவதும் நிற்பதும் போக, சாயாமலிருப்பது மூன்றாவது கவலை. 96 அடி உயரம் அசைந்து வருவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஆனால் மேலேயுள்ள பெரும்பகுதி மூங்கிலும் சீலையுமே, கனத்த மரமும் இரும்பும் அடியில் தங்கிவிடுகின்றன. தேரின் நிறைமையம் ஐந்து மீட்டர் உயரத்திலும், நடுக்கோட்டிலிருந்து சக்கரம் மூன்று மீட்டர் தள்ளியும் இருக்கிறதென்று உதாரணத்துக்குக் கொண்டால், தேர் முப்பது பாகைக்கு மேல் சரிந்தால்தான் கவிழும். நிறைமையம் பதினைந்து மீட்டரில் இருந்தால் பதினொரு பாகையிலேயே கவிழ்ந்துவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எவ்வளவு தள்ளினாலும் எழுந்து உட்காருவது, களிமண் கனத்தையெல்லாம் அதன் வளைந்த அடியில் வைத்ததால்தான்; தேர் செய்த தச்சரும் பொம்மை செய்த குயவரும் ஒரே சூத்திரத்தை இருவிதமாய் எழுதியவர்கள்.

வீதிமுனையில் தேர் திரும்பும்போது இன்னுமொரு பாடம் கிடைக்கிறது. அங்கே சக்கரத்துக்கு அடியில் இரும்புத் தகடுகளை இட்டு, மேலே மசகைத் தடவி வைப்பார்கள். உருளுவதற்கு மட்டுமே அமைந்த சக்கரம் பக்கவாட்டில் சறுக்கவேண்டியிருப்பதால், உராய்வு இங்கே பகை. சற்றுமுன்பு பாதத்துக்கு அடியில் உராய்வை வேண்டிக்கொண்டோம். இப்போது சக்கரத்துக்கு அடியில் அதை விரட்டுகிறோம். உராய்வு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, எதைச் சுற்றிக் கோடு போட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பதே விடை.

இனி வாசகர் தாமே போட்டுப்பார்க்க ஒரு கணக்கு. இந்நாளில் தேருக்குப் பின்னாலிருந்து புல்டோசரும் தள்ளுகிறது. வடத்தில் முந்நூறு பேர். ஒவ்வொருவரும் 200 நியூட்டன். புல்டோசர் தள்ளும் விசை 40,000 நியூட்டன். தேரின் முடுக்கம் ஐந்நூறு பேர் இழுத்தபோது வந்த அதே 0.137 என்பதை எளிதில் காணலாம். அப்படியானால் வடத்தின் இழுவிசையும் முன்போலவே 1,00,000 நியூட்டன்தானா? விடையை எழுதுமுன், உங்கள் கோடு தேரைச் சுற்றி இருக்கிறதா, வடத்தைச் சுற்றி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.